406 கிலோமீற்றர்: கோண்வோலிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள்

ஒன்ராறியோவின் 401 நெடுஞ்சாலையில் வெளிவாசல்களுக்கு இட்டிருக்கும் இலக்கங்கள் வெறும் வரிசை இலக்கங்கள் அல்ல. மேற்கே வின்ட்சர் முனையிலிருந்து எத்தனையாவது கிலோமீற்றரில் அந்த வெளிவாசல் இருக்கிறது என்பதையே அவை சொல்கின்றன. ஸ்காபரோவில் மார்க்கம் வீதிக்கு இறங்கும் இடம் 383. கோண்வோல் நகரின் புரூக்டேல் அவெனியூவுக்கு இறங்கும் இடம் 789. ஒன்றை மற்றதில் கழித்தால் 406 கிலோமீற்றர். புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பின் ஆசனத்திலிருந்து பிள்ளைகள் கேட்கும்போது வரைபடம் பார்க்காமலே பதில் சொல்லலாம்.

இந்த வீதி எம்மவருக்குப் பழக்கமானது. 1980களில் மொன்றியலில் வந்து இறங்கி, பின்னர் ரொறொன்ரோவுக்கு இடம் மாறிய பல குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் இதே வீதியாலேதான் வந்தன. மெத்தை கூரையிலே, ரீவி பின் ஆசனத்திலே, அரிசி மூட்டை காலடியிலே. சாமான் ஏற்றுவது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரேயொரு முறைதான்: இடம் உள்ளவரை அடைவது, பிறகு நைலோன் கயிற்றால் வரிந்து கட்டுவது. கொடிகாமம் பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டிவான்களில் வாழைக்குலையும் சைக்கிளும் அப்படித்தான் போயின. மெத்தைக்கு அது போதும். மோட்டார் சைக்கிளுக்குப் போதாது. அதைப்பற்றியும், அதன் பொருட்டுப் போய்வந்த ஊரைப்பற்றியும் எழுதுகிறேன்.

என் தமக்கையின் மகன் கனடாவுக்கு வந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. ஏஜாக்ஸில் ஒரு களஞ்சியத்தில் பகல் வேலை. ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸில் போவதென்றால் மாறி மாறி ஏறவேண்டும். போக வர மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். கார் வாங்க இப்போதைக்குக் கை காணாது. ஊரிலே மோட்டார் சைக்கிள் ஓடிப் பழகியவன். கோண்வோலில் 300 சீசீ ஹொண்டா ஒன்று நல்ல விலைக்கு இருக்கிறது என்று அறிந்து முற்பணமும் அனுப்பிவிட்டான். (பாராமல் முற்பணம் அனுப்புவது எனக்குப் பிடிக்காத காரியம். சொல்லியும் விட்டேன்.)

"மாமா, பஸ்ஸிலை போய் எடுத்து, அப்பிடியே ஓடிக்கொண்டு வந்திடுவன். ஒரு பகல் காணும்."

காணாது. காரணம் தூரமல்ல. இங்கே மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்தின் முதற்படி எம்1. எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்ததும் கிடைக்கும். 90 நாட்களுக்கு மட்டும் செல்லும். அதை வைத்துக்கொண்டு இரவில் ஓடக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, 401 போன்ற நெடுஞ்சாலைகளில் ஏறவே கூடாது. "அப்ப பழைய இரண்டாம் நம்பர் றோட்டாலை பகலிலை வரலாமே?" என்றான். கேள்வி நியாயமானது. ஆனால் ஒன்ராறியோவில் இலக்கத்தகடு வாகனத்தோடு போவதில்லை, விற்றவரிடமே நின்றுவிடும். வாங்கியவர் ஆறு நாட்களுக்குள் தன் பெயரில் பதியவேண்டும். தகடு பூட்டி வீதியில் விடுவதற்கு, அனுமதி பெற்ற கராஜ் ஒன்று சோதித்துக் கொடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். இவை இல்லாத மோட்டார் சைக்கிள் ஒரு சாமான். சாமானைச் சுமந்துதான் கொண்டுவரலாம், ஓடிக்கொண்டு வரமுடியாது.

சிநேகிதன் ஒருவனின் தகட்டைக் கொழுவிக்கொண்டு விடிய வெள்ளெனப் புறப்பட்டால் யாருக்குத் தெரியும் என்று அவனுடைய அறை நண்பர்கள் யோசனை சொல்லியிருக்கிறார்கள். காப்புறுதி இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே ஆகக் குறைந்தது 5,000 டொலர் தண்டம். மோட்டார் சைக்கிளின் விலையே அதற்குக் குறைவு. அடுத்தவன் தகட்டுக்கு வேறு வழக்கு. அகதிக் கோரிக்கையின் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெடியனுக்கு வழக்கு ஒன்று எந்த வடிவிலும் தேவையில்லை. பன்னிரண்டு வருடம் லொறி ஓடியவன் நான். "பொறு, போய் ஏத்திக்கொண்டு வருவம்" என்றேன்.

எதில் ஏற்றுவது? பிக்அப் வைத்திருப்பவர்கள் அதையே நினைப்பார்கள். பிக்அப்பின் தட்டு இடுப்பளவு உயரம். ஏற்றுப்பலகை நீளமாக இல்லாவிட்டால் சரிவு செங்குத்தாகிவிடும். அதில் 160 கிலோவுக்கு மேற்பட்ட ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகையில், சைக்கிள் மேலே ஏற ஏற, தள்ளுகிறவர் நிலத்திலேயே நிற்பார். ஹான்டில் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். பெரும்பாலான விழுத்தல்கள் அந்த இடத்தில்தான் நடக்கின்றன. வீடு மாற வாடகைக்கு எடுக்கும் பெட்டி லொறிகளில் உட்சுவரில் உள்ள மரச்சட்டங்கள் அலுமாரி சாயாமல் கட்டுவதற்கானவை. மோட்டார் சைக்கிளின் இழுவையை அவை தாங்குமென்று நான் நம்பமாட்டேன். மூடிய பெட்டிக்குள் பெற்றோல் மணமும் சேரும். எனவே முதற்தடவை ஏற்றுபவர்களுக்கு நான் சொல்வது, மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த சிறிய ட்ரெயிலரை வாடகைக்கு எடுங்கள் என்பதுதான். தட்டு தாழ்வாக இருக்கும், ஏற்றுப்பலகை கூடவே பூட்டியிருக்கும், முன்சக்கரத்தைப் பிடித்துவைக்கும் இரும்புத் தொட்டில் ஒன்றும் இருக்கும்.

எங்கள் மினிவானுக்குப் பின்னால் கொழுவி ஏற்கெனவே பூட்டியிருந்தது. புதிதாகப் பூட்டுபவர்கள் முதலில் வாகனத்தின் கைநூலில் எவ்வளவு எடை இழுக்கலாம் என்று பார்க்கவேண்டும். அதில் ட்ரெயிலரின் சொந்த எடையும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். கொழுவியின் உருண்டைகள் பல பருமனில் உண்டு: ஒன்றே முக்கால் அங்குலத்தைவிடச் சற்றுக் கூடிய சிறியதும், 2 அங்குலமும், அதற்கு மேலும். 2 அங்குல வாய் உள்ள ட்ரெயிலரைச் சிறிய உருண்டையில் வைத்தால் பூட்டினதுபோலத் தோன்றும், ஓடவும் ஓடும். பெரிய பள்ளம் ஒன்று வரும்போது கழன்று எழும்பிவிடும். பூட்டியபின் ட்ரெயிலரின் மூக்கை மேலே தூக்கிப் பாருங்கள். வானின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரியாகப் பிடித்திருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்கின் கீழே குறுக்கு மறுக்காகப் போடவேண்டும். கழன்றாலும் மூக்கு வீதியில் குத்தாமல் சங்கிலியில் தொட்டில்போலத் தாங்கி நிற்கும். பிரேக் விளக்கு, சமிக்ஞை விளக்கு எரிகின்றனவா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்கவேண்டும். எங்களுடைய ட்ரெயிலரின் மட்காட்டில் மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓடவேண்டாம் என்று எழுதியிருந்தது. அது 88 கிலோமீற்றர். 401இல் எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். போகட்டும்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஒஷாவா தாண்டும்வரை லொறிகள், போர்ட் ஹோப் தாண்டியதும் வயல்கள், றென்ரனில் தேநீர். வெறும் ட்ரெயிலர் துள்ளித் துள்ளிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. கிங்ஸ்ரனுக்குப் பிறகு பாறையைப் பிளந்து போட்ட வீதி. கனனோக்வே கழிய வலப்பக்கம் மரங்களுக்கிடையே சென்ற் லோறன்ஸ் ஆறும் அதன் தீவுகளும் எட்டிப் பார்க்கும். மருமகனுக்கு அதைப் பார்த்ததும் ஊர்த் தீவுகளின் நினைவு வந்துவிட்டது. "இது நன்னீராம் மாமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கோண்வோல் ஆற்றங்கரையில் உள்ள தொழிலாளர் நகரம். ஆங்கிலமும் பிரெஞ்சும் தெருவிலே கேட்கும். பாலத்தின் அந்தப் பக்கம் மோஹோக் மக்களின் அக்வெசாஸ்னே, அதற்கப்பால் அமெரிக்கா. நகரைத் தாங்கிய பெரிய கடதாசி ஆலை 2006இல் மூடப்பட்டுவிட்டது. மோட்டார் சைக்கிளை விற்றவர் அந்த ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற, எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். பேரன் வாங்கி ஓடாமல் விட்ட சைக்கிளாம். வாகனத்தின் பழைய பதிவு விபரங்கள் அடங்கிய அரசாங்கக் கடிதக்கட்டை முறையாக எடுத்து வைத்திருந்தார். ஒன்ராறியோவில் தனியார் விற்பனையில் அதை விற்பவர் கொடுத்தேயாகவேண்டும்; தராதவரிடம் வாங்கவேண்டாம். மருமகன் இயந்திரம், செயின், பிரேக் எல்லாம் பார்த்துக் காசைக் கொடுத்தான். பிறகு ஏற்றுகிற வேலை.

கிழவர் எங்களை அவசரப்பட விடவில்லை. முதலில் வானைப் பின்னுக்கு எடுத்து, அவர் வீட்டு முற்றத்தின் சரிவில் ட்ரெயிலரின் பின்பக்கம் மேட்டை நோக்கும்படி நிறுத்தச் சொன்னார். அப்படி நிறுத்தினால் ஏற்றுப்பலகையின் சரிவு பாதியாகக் குறைந்துவிடும். இது செலவில்லாத உபாயம். பிக்அப்பில் ஏற்றுபவர்களும் மேடான ஓரத்தைத் தேடி நிறுத்தலாம். தனியாகக் கொண்டுவரும் பலகையாயின் அதை வாகனத்தோடு பட்டியால் கட்டவேண்டும். பின்சக்கரம் பலகையில் ஏறும் கணத்தில் அது பலகையைப் பின்னுக்கு உதைக்கும். கட்டாத பலகை வழுகி விழ, சைக்கிளும் ஆளும் சேர்ந்து விழுவார்கள்.

மருமகன் ஏறி இருந்து ஓடியே ஏற்றிவிடலாம் என்று காலைப் போட்டான். கிழவர் தலையை ஆட்டினார். ஒருபோதும் ஏறி ஓடக்கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, ஒருவர் இடப்பக்கம் நின்று ஹான்டிலையும் முன்பிரேக்கையும் பிடிக்க, இன்னொருவர் பின்னால் நின்று தள்ளவேண்டும். நேராக, ஒரே மூச்சில். நடுவில் நின்றால் திரும்பத் தொடங்குவது கடினம். முன்சக்கரம் தொட்டிலுக்குள் போய் இறுகியதும் மருமகன் வழமைப்படி பக்க ஸ்டாண்டைத் தட்டிச் சாய்த்துவிட்டு, "இனிக் கட்டுவம்" என்றான்.

"ஊரிலை லான்ட்மாஸ்ரரிலை இப்பிடித்தான் கொண்டு போறனாங்கள்."

ஊரில் லான்ட்மாஸ்ரர் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் போகும். சாய்ந்து நிற்கும் சைக்கிளைக் கட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் அதன் எடை முழுவதும் அந்த ஒற்றை ஸ்டாண்டில் குத்தும். ஷொக் ஒருமுறை அமுங்கினால் ஒருபக்கப் பட்டி தளரும். தளர்ந்த பட்டியின் கொக்கி கழன்றுவிட்டால் மிச்சம் இருப்பவற்றால் பயனில்லை. மோட்டார் சைக்கிள் நிமிர்ந்து, நேராக, இரண்டு சக்கரத்தில் நிற்கவேண்டும். அதை நிமிர்த்தி வைத்திருப்பது பட்டிகளே.

நைலோன் கயிற்றைப்பற்றி ஒரு வார்த்தை. எம்மவர் வீடுகளில் கராஜைத் திறந்தால் நீல நிறக் கயிறு ஒரு சுருள் கட்டாயம் தொங்கும். அதை அங்கேயே தொங்கவிடுங்கள். நைலோன் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும்; முடிச்சு நழுவும். கடைகளில் விற்கும் இறுக்கும் பட்டிகள் நான்கு வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் தைத்திருக்கும் துண்டில் எவ்வளவு பாரத்துக்குப் பாவிக்கலாம் என்று எழுதியிருக்கும். அறுந்துபோகும் எடை என்று இன்னொரு பெரிய எண்ணும் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறவேண்டாம், சிறிய எண்ணே கணக்கு. ஒவ்வொரு பட்டியும் தனியாகவே சைக்கிளின் முழு எடையையும் தாங்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது என் வழக்கம். கொக்கியின் வாயை மூடும் சிறு கம்பி உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. முன்பட்டிகளை எங்கே கொழுவுவது என்பதில்தான் கிழவர் அதிக நேரம் எடுத்தார். கண்ணாடித் தண்டில் அல்ல, பிரேக் பிடியில் அல்ல, பிளாஸ்ரிக் மூடிகளில் அல்லவே அல்ல. முன் ஷொக் இரண்டையும் ஹான்டிலுக்குக் கீழே சேர்த்துப் பிடிக்கும் தடித்த இரும்பு உண்டு. மெல்லிய துணி வளையம் ஒன்றை அதைச் சுற்றிப் போட்டு, அந்த வளையத்தில் பட்டியின் கொக்கியை மாட்டினார். இரும்புக் கொக்கி நேரே சைக்கிளில் பட்டால் பூச்சு போய்விடும். பிரேக் குழாயோ வயரோ பட்டிக்கு அடியில் நசியவில்லை என்று விரலால் தடவிப் பார்த்தார். பட்டிகள் இரண்டும் முன்னுக்கும் கீழுக்குமாக, இரண்டு பக்கமும் விரிந்து போகவேண்டும். கீழே நேராக இறங்கினால் பக்கவாட்டுப் பிடி இல்லை. கிடையாகப் போனால் கீழ்நோக்கிய இழுவை இல்லை. ஏறத்தாழ 45 பாகை.

எவ்வளவு இறுக்குவது? இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. முன் ஷொக் தன் ஓட்டத்தில் பாதிவரை அமுங்கினால் போதும். அதைவிடக் குறைந்தால், பெரிய பள்ளத்தில் ஷொக் இன்னும் அமுங்கும்போது பட்டி தொய்ந்து கொக்கி கழன்றுவிடலாம். முற்றாக அமுக்கிவிட்டால் ஷொக்கின் எண்ணெய்ச் சீல் கெட்டுவிடும். பள்ளத்தின் அடியும் நேராக பட்டியில் போய் விழும். ரச்செட் உள்ள பட்டியில் கைப்பலத்துக்கு மிஞ்சி இறுக்கிவிடுவது சுலபம். மருமகன் பலசாலி, கிழவர் அவன் கையைத் தட்டி நிறுத்தினார்.

பின்பட்டிகள் பின் கால்மிதி பூட்டியிருக்கும் இரும்பிலிருந்து பின்னுக்கும் கீழுக்குமாகப் போயின. அவை சைக்கிளின் பின்பக்கம் பக்கவாட்டில் துள்ளாமல் வைத்திருப்பதற்கு; சூடான புகைக்குழாயில் படக்கூடாது. பக்க ஸ்டாண்ட் மேலே. முதலாம் கியர். சாவி சட்டைப்பைக்குள். பட்டிகளின் மிச்ச முனைகளைச் சுருட்டி முடிந்தோம். ஆடவிட்டால் காற்றில் அடித்துப் பூச்சை உரிக்கும், சக்கரத்துக்குள் போனால் அதைவிட மோசம். படங்கு போட்டு மூடவா என்று கேட்டேன். வேண்டாம், நூறு கிலோமீற்றர் காற்றில் படங்கு அரத்தாள்போல் உரஞ்சும் என்றார். கடைசியில் கிழவர் ஹான்டிலைப் பிடித்துத் தன் பலமெல்லாம் கொண்டு ஆட்டினார். சைக்கிள் அசையவில்லை. ட்ரெயிலர் அசைந்தது, வானும் அசைந்தது. "இப்போது அது ட்ரெயிலரின் ஒரு பாகம்" என்றார்.

இந்த வித்தையெல்லாம் எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, தன்னுடைய வீடே லொறியில் வந்தது என்றார். முதலில் விளங்கவில்லை. வீட்டுச் சாமான்களைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை, வீடு. தனக்கு ஆறேழு வயதிருக்கையில் மில் றோஷ் என்ற கிராமத்திலிருந்து அவர்களுடைய வீட்டை அப்படியே தூக்கி ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அம்மா அலுமாரிக்குள் பீங்கான்களை எடுக்காமலே விட்டாராம்; ஒரு கோப்பைகூட உடையவில்லையாம். மில் றோஷ் எங்கே இருக்கிறது என்று மருமகன் கேட்டான். தண்ணீருக்குள் என்றார். போகும் வழியில் 778இல் இறங்கிப் பட்டிகளைச் சரிபாருங்கள், அப்படியே அந்த இடத்தையும் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பட்டியை முதலில் சரிபார்க்க 778 பொருத்தமான இடம். புறப்பட்டு 11 கிலோமீற்றர். கனடாவில் சரக்கு லொறிச் சாரதிகள் ஏற்றியபின் முதல் 80 கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்திக் கட்டுகளைப் பார்க்கவேண்டும் என்பது விதி. மோட்டார் சைக்கிளுக்கு அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. துணி வளையம் இருந்து இறுகவும், முன்சக்கரம் தொட்டிலில் இன்னும் ஓர் அரை அங்குலம் போய் அமரவும் அந்தத் தூரம் போதும். எங்களுடைய பின் இடப் பட்டி சற்றுத் தளர்ந்திருந்தது. ரச்செட்டில் இரண்டு பல் இறுக்கினோம். மற்றவை நின்றபடியே.

778 வெளிவாசல் இறங்கும் வீதியின் பெயர் மூலினெற். அதுவும் தண்ணீருக்குள் போன ஒரு கிராமத்தின் பெயரே. சென்ற் லோறன்ஸ் கடல்வழிக்கும் மின்நிலையத்துக்குமாக ஆற்றை அணைகட்டி மறித்தபோது ஒன்ராறியோப் பக்கத்தில் ஆறு கிராமங்கள், மூன்று சிற்றூர்கள், மக்கள் குடியிருந்த ஒரு தீவு எல்லாம் மூழ்கின. 1958ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி, கனடாவின் பிறந்தநாளன்று, காலை எட்டு மணிக்குத் தற்காலிக அணையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தண்ணீர் பாய்ந்து வந்து அடிக்கவில்லை. நான்கு நாளாக மெல்ல மெல்ல ஏறியது. ஏறத்தாழ 6,500 பேர் இடம்பெயர்ந்தார்கள். 500க்கும் அதிகமான வீடுகளை, கிழவர் சொன்னபடியே, அடியில் இரும்புத் தூண்களைச் செருகித் தூக்கி, ஆள் உயரச் சக்கரங்கள் பூட்டிய பெரிய வண்டிகளில் ஏற்றி, லோங் சோ, இங்கிள்சைட் என்று புதிதாக அமைத்த இரண்டு ஊர்களில் கொண்டுபோய் வைத்தார்கள். வைக்க முடியாதவற்றை எரித்தார்கள். மரங்களை வெட்டினார்கள். புகையிரதப் பாதையையும் பழைய இரண்டாம் இலக்க வீதியையும் வடக்கே தள்ளிப் போட்டார்கள்.

லோங் சோவுக்கு அருகே, ஆற்றோரத்தில் ஓல்ற் பூங்கா என்ற இடத்தில், மூழ்கிய கிராமங்களுக்கென்று ஒரு நூதனசாலை இருக்கிறது. கட்டடம் ஒன்றல்ல, பல. காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், சலூன், பலசரக்குக் கடை, மூலினெற் புகையிரத நிலையம் எல்லாம் புல்வெளியில் ஒரு சின்ன ஊர்போல நிற்கின்றன. சலூன் நாற்காலி அப்படியே இருக்கிறது. நூதனசாலை கோடை காலத்தில் மட்டும் திறக்கும். பிள்ளைகளுடன் போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துப் போகலாம். பக்கத்தில் லோங் சோ பார்க்வே என்ற வீதி தீவிலிருந்து தீவுக்குத் தாவிப் போகிறது. அந்தத் தீவுகள் முன்னர் தீவுகள் அல்ல, ஊருக்குப் பின்னால் இருந்த மேட்டு நிலங்கள். பழைய தார் வீதி ஓரிடத்தில் கரையிலிருந்து நேரே தண்ணீருக்குள் இறங்கிப் போவதைக் காணலாம்.

மருமகன் அந்த வீதி முடியும் இடத்தில் கனநேரம் நின்றான். 1995 ஒக்டோபரில் நாவற்குழிப் பாலத்தால் வெளியேறிய சனத்தில் அவனுடைய தாயும் தகப்பனும் இருந்தார்கள். அவன் அப்போது பிறக்கவில்லை. கதை கேட்டு வளர்ந்தவன். "இவைக்கு வீட்டையும் கொண்டுபோகக் குடுத்திருக்கினம், என்ன மாமா" என்றான். நட்ட ஈடும் கொடுத்தார்கள். போதாது என்று இன்றும் குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த நூதனசாலையில் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி, ஒரு வீட்டுப் படத்தில் விரலை வைத்துத் தன் பேத்திக்கு ஏதோ காட்டிய விதத்தை எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்கவேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் காற்று மேற்கிலிருந்து எதிராக வீசியது. பாரம் ஏற்றிய ட்ரெயிலர் வெறும் ட்ரெயிலரைவிட அமைதியாக வரும். பெரிய லொறிகள் முந்தும்போது மட்டும் ஒரு தள்ளல் தெரியும். ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கினால் பிரேக் போடவும் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஸ்ரியறிங்கை நேராகப் பிடித்து அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுங்கள், தானாக அடங்கும். வாலாட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் பாரத்தைப் பின்னுக்கு வைப்பதே. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், ஆறில் ஒரு பங்குக்கு மிஞ்சாமல் கொழுவியின்மேல் இருக்கவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கான ட்ரெயிலரில் தொட்டில் இருக்கும் இடமே இதைப் பார்த்துக்கொள்ளும். தட்டையான சாதாரண ட்ரெயிலரில் நீங்கள்தான் பார்க்கவேண்டும்.

மலோரிரவுன் தரிப்பிடத்தில் மறுபடி பட்டிகளைத் தொட்டுப் பார்த்தோம், றென்ரனில் இன்னொருமுறை. சும்மா பார்வையால் அல்ல, கையால். தந்திபோல் இறுகியிருக்கவேண்டும். ட்ரெயிலரின் சக்கரக் குடத்திலும் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு வழமை, கை வைக்கமுடியாத சூடு என்றால் உள்ளே பெயரிங் போகிறது. ட்ரெயிலரோடு நிறுத்தும்போது முன்னால் நேரே வெளியேறக்கூடிய இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பின்னுக்கு எடுப்பது பழகும்வரை சள்ளை. எடுக்கத்தான் வேண்டுமென்றால் ஸ்ரியறிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கை போகும் பக்கத்துக்கே ட்ரெயிலரும் போகும்.

ஸ்காபரோ வந்துசேரச் சூரியன் சாய்ந்துவிட்டது. இறக்குவது ஏற்றுவதைவிட ஆபத்து, ஏனென்றால் எல்லோரும் களைத்திருப்பார்கள். ஒருவர் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றபின்தான் முதற்பட்டியைத் தொடவேண்டும். முதலில் பின்பட்டிகள், பிறகு முன்பட்டிகளை மாறி மாறி மெல்லத் தளர்த்துவது. ஒன்றை ஒரேயடியாக விட்டால் அமுங்கியிருந்த ஷொக் எழும்பி, சைக்கிள் மற்றப் பக்கம் சாய்ந்துவிடும். பின்னோக்கி இறங்கும்போது எடை பின்சக்கரத்தில் இருப்பதால் முன்பிரேக் மட்டும் பிடித்தால் சக்கரம் வழுகும். இயந்திரத்தை நிறுத்தியபடி முதலாம் கியரில் விட்டு, கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்தால் அதுவே பின்சக்கரத்துக்குப் பிரேக். பக்கத்து வீட்டுப் பெடியளும் வந்து கைகொடுத்தார்கள். அறை நண்பர்களும் வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். தகடு இரவல் கொடுக்க இருந்தவன்தான் ஏற்றுப்பலகையைப் பிடித்தான்.

செலவைச் சொல்லவேண்டும். ட்ரெயிலர் ஒருநாள் வாடகை, நான்கு பட்டிகள், பெற்றோல், தேநீர் எல்லாம் சேர்ந்து மருமகனின் இரண்டு நாள் சம்பளம். காப்புறுதி அதைவிடப் பெரிய அடி. மோட்டார் சைக்கிள் மலிவு, புதிய ஓட்டுனருக்கு அதன் காப்புறுதி மலிவல்ல. வாங்குவதற்கு முன்பே முகவரிடம் விலை கேளுங்கள். ட்ரெயிலரில் வரும்போது சைக்கிளுக்குச் சேதம் வந்தால் உங்கள் வாகனக் காப்புறுதி அதைப் பொறுப்பேற்குமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை கராஜ்காரர் சோதித்துப் பார்த்து, பின் ரயர் தேய்ந்திருக்கிறது, மாற்றினால்தான் சான்றிதழ் என்றார். மாற்றினான். சான்றிதழ் 36 நாட்களுக்குச் செல்லும். அவன் அடுத்த நாளே போய்ப் பதிந்து தகடு எடுத்துவிட்டான். பட்டிகள் நான்கும் எங்கள் கராஜில் இருக்கின்றன. யாருக்காவது தேவையென்றால் கேளுங்கள். ட்ரெயிலரில் எப்படிப் போடுவது என்றும் காட்டித் தருவேன்.